மார்பகப் புற்றுநோய்க்கான குறுங்காலக் கதிர்வீச்சுச் சிகிச்சை

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை அழிக்கத் தரப்படும் கதிர்வீச்சை, ஐந்து வாரங்களுக்குப் பதிலாக மூன்று வாரங்களிலோ ஒரே வாரத்திலோ முடிக்கும் முறை. இதில் ஒவ்வொரு தவணையின் அளவும் கூடும். மொத்த அளவு குறையும். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே.

அடிப்படை

நெடுங்காலம் நாளுக்கு 2 கிரே வீதம் 25 தவணைகளில் 50 கிரே கொடுப்பதே வழக்கமாக இருந்தது. இரு தவணைகளுக்கு இடையே நல்ல திசு தன்னைச் சீர்செய்துகொள்ளும். பல புற்றுகளால் அந்த அளவுக்கு முடியாது. மார்பகப் புற்று இதில் நல்ல திசுவை ஒட்டியே நடந்துகொள்கிறது. ஆகவே, சிறு சிறு தவணைகளாகப் பிரிப்பதால் இங்கே பெரிய ஆதாயம் இல்லை.

ஆய்வுகள்

கனடாவில் 1993 முதல் 1996 வரை 1,234 பெண்கள் சேர்ந்த ஆய்வில், 16 தவணைகளில் 42.5 கிரே பெற்றவர்களுள் 6.2 விழுக்காட்டினருக்கும், 50 கிரே பெற்றவர்களுள் 6.7 விழுக்காட்டினருக்கும் 10 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பிரிட்டனின் ‘ஸ்டார்ட்-பி’ ஆய்வு, 15 தவணைகளில் 40 கிரே போதும் என்று காட்டியது. அங்கேயே 4,096 பேர் பங்கேற்ற ‘ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் வெளிவந்தன. ஒரே வாரத்தில், 5 தவணைகளில் தந்த 26 கிரே, நோயைத் தடுப்பதில் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறையவில்லை. அதே ஆய்வில் 5 தவணைகளில் 27 கிரே பெற்ற மற்றொரு குழுவினருக்கு மார்பகம் இறுகுதல், சுருங்குதல் போன்ற பின்விளைவுகள் கூடின. ஒரே ஒரு கிரே கூடியதும் வேறுபாடு தெரிந்தது.

நடைமுறை

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, தோலில் கடுகளவு மைப்புள்ளிகள் குத்துவார்கள். ஒவ்வொரு நாளும் நோயாளி கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் படுப்பார். அந்தப் புள்ளிகளை லேசர் கோடுகளோடு பொருத்துவார்கள். கதிர் பாய்வது சில நிமிடங்களே, வலி இராது. இடப்பக்க நோயில், மூச்சை ஆழ இழுத்து அடக்கினால் இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும்.

வரம்புகளும் பயனும்

தோல் சிவத்தல், களைப்பு, வீக்கம் ஆகியவை ஏற்படலாம். அறுவை செய்த இடத்துக்குக் கூடுதல் தவணைகள் தேவைப்பட்டால் நாள்கள் நீளும். எந்தக் கால அளவு பொருந்தும் என்பதை நோயின் நிலை, அறுவையின் வகை, நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தொலைவிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி, கூலியை இழந்து சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 25 நாள் 5 நாளாவது பெரிய ஆறுதல். இடையில் நின்றுவிடாமல் சிகிச்சையை முடிக்கவும் அது துணைசெய்கிறது.