மூன்றாம் பட்டியலின் பிள்ளைகள்



நமக்கு வாக்கு உண்டு. தேர்தல் வந்தால் நெல்லித்தோப்பில் இரண்டு அணிகளின் கொடியும் நம் தெருவுக்குத் தவறாமல் வரும். எது ஜெயித்தாலும், நம் சார்பில் பேச ஓர் ஆள் போயிருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் நமக்கு வருவதில்லை. இதன் வரலாற்றைப் பேசுகிறவர்கள் 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவார்கள். புதுச்சேரிக்காரர்களாகிய நாம் இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவில் நினைத்தும் பார்க்க முடியாத காலத்திலேயே பிரெஞ்சு இந்தியாவில் ஆண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் உள்ளூர் மன்றங்களுக்கு வாக்காளர்கள் இரண்டு பட்டியலாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியர் ஒன்று, இந்தியர் ஒன்று. இந்தியர் பட்டியல் என்றால் ஊரின் பட்டியல். சேரி அதில் வெறும் எண்ணிக்கை. 1881 செப்டம்பர் 21 ஆணை வேறொரு கதவைத் திறந்தது. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்பவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். இப்படித் துறந்தவர்களே ரெனோன்சான்கள். திரளாகப் போனவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களில் நம் மக்கள் நிறைய.

தலைமை தாங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை நம்மவர் அல்லர், வேளாளக் கிறிஸ்தவர். 1873இல் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் போனதற்காக வெளியேற்றப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களுக்கு அந்த வழக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எதிர்ப்பக்கம் சண்முக வேலாயுத முதலியார். சாதி வழக்கத்தைக் காப்பதே அவருடைய அரசியல்.

1884இல் ரெனோன்சான்களுக்கு மூன்றாவது பட்டியல் கிடைத்தது. அதைத் தலித் பட்டியல் என்று நாம் கொண்டாட மாட்டோம். தலைமை மேல்சாதியிடமே இருந்தது. ஆனாலும் சாதியை விட்டேன் என்று சொன்னவர்கள், ஊரின் தயவில்லாமல் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த ஏற்பாடு அது. பதினைந்து ஆண்டுதான் இருந்தது. 1899 ஆணை அதை அழித்தது. நிபந்தனைகளுக்குள் அடங்கிய சிலர் ஐரோப்பியர் பட்டியலுக்குப் போக, மற்றவர்கள் எதை விட்டு வந்தார்களோ அதே இந்தியர் பட்டியலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீண்டும் இரண்டே பக்கம்.

1932இல் அண்ணல் அம்பேத்கர் பெற்றதும் இழந்ததும் இதைப் போன்றதுதான். நம் வாக்கால் மட்டும் நம் உறுப்பினர், கூடவே பொதுத்தொகுதியிலும் ஒரு வாக்கு. காந்தியாரின் உண்ணாவிரதத்துக்குப் பின் செப்டம்பர் 24 அன்று அது போய், 148 தனி இடங்களும் கூட்டுத் தொகுதியும் வந்தன. நிற்பவர் நம்மவர், தேர்ந்தெடுப்பவர் ஊரார். அந்தப் பேரத்தில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த நமக்கு இடமே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவோடு இணைவதை முடிவு செய்ததும் 178 மக்கள் பிரதிநிதிகள்தான். மக்களின் நேரடி வாக்கெடுப்பு இல்லை. 1963 சட்டத்தின் வழியே கூட்டுத் தொகுதி நமக்கும் வந்து சேர்ந்தது. நாம் பேசாத பேச்சின் முடிவு அது.

இன்று முப்பதில் ஐந்து தனித்தொகுதி. இருக்கும் ஒரே மக்களவைத் தொகுதி பொது. நெல்லித்தோப்பும் பொது. 2016இல் காங்கிரசுக்காக இங்கே வென்ற ஜான்குமார், நாராயணசாமி முதல்வராகத் தொடர்வதற்காகப் பதவி விலகினார். இடைத்தேர்தலில் நாராயணசாமி வென்றார். 2021இல் ஜான்குமார் பாஜகவுக்குப் போனார்; அவர் மகன் அதே கட்சியின் சார்பில் இங்கே ஜெயித்தார். கட்சி மாறியது, அணி மாறியது. நம் தெருவைக் கேட்டு எது மாறியது?

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. 1964 குடியரசுத் தலைவர் ஆணைப்படி புதுச்சேரியில் இந்துவும் சீக்கியரும், 1990க்குப் பின் பௌத்தரும்தான் பட்டியல் சாதி. 2011 கணக்கில் 12,47,953 பேரில் 1,96,325 பேர் என்கிறார்களே, அதில் தலித் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. சாதியைத் துறந்தேன் என்று கையெழுத்திட்டவரின் பேரப்பிள்ளையை ஊர் இன்னும் சாதி சொல்லித்தான் அழைக்கிறது. தனித்தொகுதியில் நிற்கப் போனால் மட்டும் உனக்குச் சாதி இல்லை என்கிறது சட்டம்.

மேரி மன்றமாவது நமக்கு இருந்ததா என்றால், 1968க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006இல் ஒரு தேர்தல். 2011இல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. வார்டு உறுப்பினர் என்ற சொல்லையே அறியாத தலைமுறை இங்கே வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. டெல்லிக்குப் புதுச்சேரியின் மூன்றாம் பட்டியல் தெரியாது. மாணவத் தோழர்கள் துறப்புப் பத்திரங்களைத் தேடிப் படிக்க வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பிரெஞ்சுக் காகிதங்களையும் எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிய இடத்துக்கு அருகில் ஒரு கையெழுத்து இருக்கும். பல இடங்களில் கைநாட்டு.