டிரைவ்-இன் திரையரங்கும் பகல் வெளிச்சமும்
காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்கை ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் திறந்தார். இருட்டும்வரை அங்கே படம் ஓட்ட வழியில்லை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நேர் வெயிலின் அளவோ ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். அதில் வெள்ளைத் திரை முழுவதும் பளீரிட, நாயகியின் கூந்தலும் முகமும் ஒரே வெளுப்பாகிவிடும். மாலை வெயில் படாதபடி திரையைக் கிழக்கு நோக்கி நிறுத்துவது நல்ல உத்தி. ஆனாலும் அந்திவானத்தின் வெளிச்சம் விடாது. 1966-ஆம் ஆண்டின் சீர்நேரச் சட்டம் கோடைக்காலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்தை நாட்டின் பெரும்பகுதிக்கும் கொண்டுசென்றது. முதல் காட்சி இன்னும் தள்ளிப்போனது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களை நம்பிய தொழிலுக்கு இது பெரிய அடி: பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகே படம் தொடங்கும். தானே ஒளிரும் எல்இடி திரை பகலிலும் தெளிவாகத் தெரியும், விலைதான் தடை.