மயிலையின் துறையும் பரங்கிமலையும்

மயிலாப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கபாலீசுவரர் கோயில், லஸ் சர்ச், சாந்தோம் பேராலயம் என்று ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். பரங்கிமலை அவர்கள் பட்டியலில் இருப்பதே இல்லை. இப்படிப் பிரித்துப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. மயிலை ஒரு துறைமுக ஊராக வாழ்ந்ததில், கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே நிற்கும் அந்த முந்நூறு அடிக் குன்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

துறைமுகம் என்று சொன்னதுமே ஒரு மறுப்பு வரும். கப்பலுக்கு ஒதுக்கிடம் தரும் வளைகுடா மயிலையில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனால் 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய 'மலியார்பா' இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனைப் பாடும் நந்திக்கலம்பகம் அவனை மல்லைக்கும் (மாமல்லபுரம்) மயிலைக்கும் உரியவனாகப் போற்றுகிறது. கப்பல் ஆழத்தில் நங்கூரமிடும், சரக்கும் ஆளும் சிறு படகுகளில் கரை சேரும். சோழமண்டலக் கரையின் வழக்கமே அது. பிற்காலச் சென்னையும் அப்படித்தான் பிழைத்தது. அந்தச் சிறு படகான மசூலாவின் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பார்கள். அலை தரையில் அறையும்போது படகு பிளக்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். செயற்கைத் துறைமுகத்துக்கு 1870-களில் அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயல் அதையும் சிதைத்தது.

எனவே மாலுமியின் முதல் கவலை ஒதுக்கிடம் அல்ல, ஊரைக் கண்டுபிடிப்பதுதான். கடலிலிருந்து பார்த்தால் இந்தக் கரை மைல் கணக்கில் ஒரே மணல், ஒரே பனை வரிசை. அறுபது அடிப் பனை ஒன்பது மைல் தூரத்தில் கண்ணுக்குப் பட்டாலும், அது எந்த ஊர்ப் பனை என்று யார் சொல்வது? முந்நூறு அடி உச்சியோ, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் இருபது மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். பின்னால் நிற்கும் பல்லாவரக் குன்றுகளோடு சேர்த்துப் பார்த்தால், கப்பல் வடக்கே ஒதுங்கியிருக்கிறதா தெற்கேயா என்பதும் புரிந்துவிடும். 1802-இல் லாம்டன் தன் மாபெரும் நில அளவையின் அடிக்கோட்டை இந்த மலைப் பக்கத்தில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சமவெளியில் நிற்கும் குன்றின் அருமை அவருக்கும் தெரிந்திருந்தது.

மயிலை துறைமுகமாக வாழ்ந்ததை மார்க்கோ போலோவைக் காட்டி மறுக்கலாம். தோமையார் கல்லறை உள்ள இந்த ஊருக்கு வணிகர்கள் அதிகம் வருவதில்லை என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைப் பற்றி அவர் சொல்கிறார். வணிகம் ஏறி இறங்கும் என்பதற்கு அது சான்று, அவ்வளவே. அதே பக்கத்தில் கிறித்தவர்களும் முசுலிம்களும் அங்கே யாத்திரை வருவதையும், செம்மண்ணை மருந்தாக எடுத்துப் போவதையும் அவர் பதிந்திருக்கிறார். சரக்கு குறைந்த காலத்திலும் ஊரை ஆள் தேடி வந்தது.

பக்திக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தக் கரையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. போர்த்துகீசியர்கள் மலையுச்சியில் கோயில் கட்டினார்கள். 1547-இல் பகலவி எழுத்துள்ள பழஞ்சிலுவை அங்கே கிடைத்தது. வழி தவறிய மாலுமிகளை ஓர் ஒளி கரைக்கு அழைத்துவந்தது என்பதுதான் லஸ் கோயிலின் கதை. மலைக்குப் படிக்கட்டு அமைத்தவர், 1726-இல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டியவர், இருவரும் ஒருவரே: கடல் வணிகத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனியர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். மயிலைப் பக்கமிருந்து மலைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். அந்த வழிக்கு ஒரு வணிகர் தன் கைப்பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

மலை அவ்வளவு முக்கியம் என்றால் 1639-இல் ஆங்கிலேயர் ஏன் வடக்கே போனார்கள்? மலிவான துணியும் நாயக்கரின் நிலக்கொடையும் அங்கே கிடைத்தன. மயிலையில் போர்த்துகீசியர் குடியிருந்த சாந்தோமோ கோல்கொண்டா, பிரெஞ்சு, டச்சுப் படைகளிடம் மாறி மாறி அடிபட்டு, 1749-இல் ஆங்கிலேயர் கைக்கே வந்தது. இடம் மாறியது ஐந்தாறு கிலோமீட்டர்தான். சென்னைக்கு வந்த கப்பல்களுக்கும் அதே மலைதான் கண்ணில் பட்டது. 1796-இல் ஆங்கிலேயரின் கோட்டைக்குள் முதல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டபோதுகூட, அது இரவுக்கு மட்டுமே விடையாக இருந்தது.