மடக்கு விரித்தல்
மடக்கு விரித்தல் என்பது, லூப் எனப்படும் மடக்கின் கட்டளைகளை வரிசையாகவே எழுதி, நிரலின் வேகத்தைக் கூட்டும் நுட்பம் ஆகும். பழைய நிகழ்பட ஆட்டக் கருவிகளில் நினைவக இடமாற்றத்திற்கு இது பயன்படுகிறது.

நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் சப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இதற்கு எடுத்துக்காட்டாகும். இதன் நகல்கள் 1990களில் இந்தியாவிலும் விற்பனையாயின. ஆட்டம் நடக்கையில், திரை வரையப்படாத இடைவேளையில் மட்டுமே படநினைவகத்தில் எழுத இயலும். அவ்விடைவேளை ஏறத்தாழ 2,270 கடிகாரச் சுழற்சிகள் ஆகும். நகரும் உருக்களுக்கான 256 பைட்டுகளை வன்பொருளே இடமாற்றுவதற்கு 513 அல்லது 514 சுழற்சிகள் செலவாகும். எஞ்சிய நேரத்தில், பைட்டுக்கு 13 சுழற்சிகள் எடுக்கும் எளிய மடக்கு அதிகபட்சம் 135 பைட்டுகளை நகர்த்தும். 8 சுழற்சிகளே எடுக்கும் விரித்த நிரல் ஏறத்தாழ 220 பைட்டுகளை நகர்த்தும். நேரம் மீறினால் திரையில் படம் சிதையும். எனினும், விரித்த நிரல் கார்ட்ரிட்ஜில் கூடுதல் இடத்தைப் பிடிக்கும்.