வாசலில் ஒரு யுகுலேலே

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? ஓசூர் சிப்காட்டுக்குள்ள ஷிப்ட் பஸ் ஓடல. அத்திப்பள்ளி எல்லையில தடுப்பு. ஜூஜூவாடியில இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போனவங்க எல்லாம் வீட்டுக்குள்ள.

எங்க தெருவுல ஒரு காலேஜ் பொண்ணு. சாயங்காலம் ஆனா கேட்டுக்கு உள்பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்து யுகுலேலே வாசிக்கும். பால் வாங்கப் போறவங்க தள்ளித் தள்ளி நின்னு கேட்டுட்டுப் போவாங்க. அவங்க அப்பா ஒருநாள் கேட்டார்: "டாக்டர் சார், இது தப்பில்லையா? கூட்டம் சேர்ந்துடாதா?"

அன்னைக்கு மழுப்பிட்டேன். இப்போ பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

1576ல் இத்தாலியின் மிலன் நகரத்தில் பிளேக். ஊர் மொத்தத்தையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லி உத்தரவு. அங்கே பேராயராக இருந்தவர் கார்லோ பொரோமியோ. கோயிலுக்கு வர முடியாத மக்கள் எப்படி வழிபடுவார்கள்? மணி அடித்ததும் ஜன்னலிலும் வாசலிலும் நின்று பாடச் சொன்னார். தெருவில் பாதிரியார் ஒரு வரி பாட, வீடுகளுக்குள் இருந்து பதில் வரி வரும். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் தெருவே சேர்ந்து பாடியது.

பிளேக் எப்படிப் பரவுதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. கிருமியை யெர்சின் கண்டுபிடித்தது 1894ல். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்று சைமண்ட் கராச்சியில் காட்டியது 1898ல்.

(ஒரு வேடிக்கை. யுகுலேலே என்ற ஹவாய்ச் சொல்லுக்கு 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி' என்றுதான் பொருள் சொல்வார்கள். 1879ல் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துகீசியர் கொண்டுபோன சின்ன கிட்டார்தான் அதுக்கு மூதாதை. பிழைக்கப் போனவங்களோட வாத்தியம். ஓசூருக்குப் பொருத்தம்தான்.)

444 வருஷம் கழித்து, 2020 மார்ச்சில், அதே இத்தாலியில் மறுபடியும் பால்கனிப் பாட்டு. நம்ம ஊர்ல மார்ச் 22, மாலை 5 மணி. வாசலில் நின்று கைதட்டச் சொன்னார்கள். நாட்டின் சில ஊர்களில் தட்டை எடுத்துக்கொண்டு ஊர்வலமே போனார்கள். அதைப் பார்த்து நான் தலையில் அடிச்சுக்கிட்டேன்.

ஏன்னா அதுக்கு 12 நாள் முன்னாடி, மார்ச் 10, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஸ்கேஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வாசலில் சானிடைசர் கூட வைத்திருந்தார்கள். வந்த 61 பேரில் ஒருவருக்கு மட்டும் சளித் தொந்தரவு. கடைசியில் 53 பேருக்கு நோய். 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதி, மற்றவர்களுக்கு அறிகுறிகளை வைத்து. 2 பேர் இறந்தார்கள்.

சத்தமாகப் பாடும்போது மூச்சோடு சேர்ந்து நுண்துளிகள் நிறைய வெளியே வரும். மூடிய அறையில் அவை அப்படியே மிதக்கும். திறந்த வெளியில் காற்று கலைத்துவிடும். யுகுலேலேவுக்கு வாயே வேண்டாம். மாஸ்க் போட்டுக்கிட்டே வாசிக்கலாம். அதனால அந்த அப்பாவுக்கு என் பதில்: தப்பே இல்ல சார். கேட்க நிக்கிறவங்க மட்டும் ஒட்டி நிக்காம பாத்துக்கோங்க.

இதோட முடிச்சிருக்கலாம். முடியல.

பங்குனி பிறந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, இரவெல்லாம் தெருக்கூத்து. அந்தச் சில மாத வருமானத்தில்தான் கலைஞர்களுக்கு வருஷம் ஓடும். கூத்துல முகவீணை ஊதணும், தொண்டை கிழியப் பாடணும், ஜனம் தோளோடு தோள் உரசி உக்காரணும். நான் இப்போ சொன்ன கணக்குப்படி எல்லாமே ஆபத்து. நிறுத்தினது சரிதான்.

ஏப்ரல் 30ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி மட்டும்தான். அப்பவும் கூத்து இல்ல. 2021லும் ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. அடுத்தடுத்து ரெண்டு சீசன்.

அந்த ரெண்டாவது வருஷம் ஒரு கூத்துக் கலைஞர் என்கிட்ட வந்தார். சுகர் ஏறியிருந்தது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுட்டு இருந்திருக்கார். ஏன்னு கேட்டேன். "சீக்கிரம் தீராம இருக்கட்டும்னுதான் சார்" என்றார்.