விளக்கை மங்கலாக்கிய வரவு செலவுக் கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கு சர்க்யூட்டில் என்ன வேலை என்கிறீர்களா? இதுவும் ஒரு கணக்குதான் நண்பர்களே!

அந்தக் காலத்து நாடக அரங்குகளில் விளக்கை மங்கலாக்க ரியோஸ்டாட் வைத்திருந்தார்கள். விளக்குக்குப் போகாத மின்சாரம் அதில் சூடாகி வீணாகும். வெளிச்சம் குறையும், செலவு அந்த அளவுக்குக் குறையாது.

1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரைக் கொண்டு வந்தது. 1959-ல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் தன் வீட்டு அறையிலேயே அதை விளக்கோடு இணைத்துப் பார்த்தார். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, அதாவது 120 அரைச்சுழற்சி. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தடுத்தால் கண்ணுக்கு விளக்கு மங்கலாகத் தெரியும். வாங்கி வீணாக்குவதற்குப் பதில் வாங்காமலே விடுவது! 1961-ல் அவரது லுட்ரான் நிறுவனம் பிறந்தது. டிம்மர் வீட்டுச் சுவருக்கு வந்தது.

இன்று நாமே செய்யும் வயர்லெஸ் டிம்மரிலும் இதே வித்தைதான். குமிழைத் திருகும் வேலையை ரேடியோ எடுத்துக்கொண்டது. அலையை நறுக்குவது தைரிஸ்டரின் தம்பி டிரையாக். இரண்டுக்கும் நடுவே ஆப்டோகப்ளர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நம்மூர் 230 வோல்ட் ரேடியோ பக்கமும் வந்துவிடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல!