துறவியின் பெயரில் ஒரு போத்தல்

ஷாம்பேனைக் கண்டுபிடித்தது ஆர் எண்டு கேட்டால் பலர் சொல்லும் பெயர் டொம் பெரின்யோன். கண்பார்வையில்லாத ஒரு துறவி, தற்செயலாக நுரைத்த வைனை ருசித்துவிட்டு, தான் நட்சத்திரங்களைக் குடிப்பதாக மற்றத் துறவிகளைக் கூப்பிட்டுச் சொன்னாராம். எங்களில் முக்கால்வாசிப் பேர் ஷாம்பேன் போத்தலைக் கிட்ட நின்று கண்டதுமில்லை. ஆனாலும் கதை எங்களிட்டையும் வந்து சேர்ந்திருக்கிறது.

பியேர் பெரின்யோன் உண்மையான ஆள்தான். 1668இல் வட பிரான்சின் ஓவில்லே மடத்துக்கு வந்து, 1715இல் இறக்கும்வரை அதன் வைன் நிலவறையைப் பார்த்துக்கொண்டவர். வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளை அளவறிந்து கலப்பதிலும், கறுப்புத் திராட்சையை மெதுவாகப் பிழிந்து தெளிந்த வெள்ளைச் சாறு எடுப்பதிலும் கெட்டிக்காரர். ஆனால் நுரை? அது அவருக்குத் தலையிடி. குளிர்காலத்தில் நொதிப்பு இடையில் நிண்டுபோய், வசந்தத்தில் போத்தலுக்குள் திரும்பத் தொடங்கும். மெல்லிய கண்ணாடி வெடித்துச் சிதறும். அதைத் தடுக்கத்தான் மனிசன் பாடுபட்டார். சீனி சேர்த்து வைனை நுரைக்க வைக்கும் வழக்கத்தை, அவர் மடத்துக்கு வருவதற்கு ஆறு வருசம் முந்தி, 1662இலேயே லண்டனில் கிறிஸ்டோபர் மெரெட் எழுதிவைத்துவிட்டார்.

பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டது. 1821இல் அந்த மடத்துப் பழைய துறவி ஒருவர், தங்கட மடத்தின் பெருமைக்காக, எல்லாம் பெரின்யோன் செய்ததுதான் எண்டு கடிதம் எழுதினார். நட்சத்திர வசனம் அதுக்கும் பிந்தி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விளம்பரத்தில் வந்தது.

உண்மையான கைவேலை வேற இடத்தில் நடந்தது. 1805இல், 27 வயதில் கணவனை இழந்த பார்ப்-நிக்கோல் க்ளிக்கோ வியாபாரத்தைத் தன் கையில் எடுத்தார். போத்தலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதிப்பு அடியில் கசடை விட்டுவிடும், வைன் கலங்கிப்போகும். வேறு போத்தலுக்கு மாற்றி ஊற்றினால் நுரை போய்விடும். அவரும் நிலவறைத் தலைமைத் தொழிலாளி முல்லரும் 1810களில் இதுக்கு வழி கண்டார்கள். துளையிட்ட பலகையில் போத்தலைக் கழுத்து கீழாகச் சாய்த்துச் செருகி, வாரக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் கசடு கழுத்தில் வந்து இறங்கும். பிறகு மூடியைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றலாம். நிலவறைத் தொழிலாளர்கள் கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

க்ளிக்கோவைத் தனியே கைவினைக்காரி எண்டு மட்டும் சொல்லவும் ஏலாது. நெப்போலியன் யுத்தம் முடியும் தறுவாயில், 1814இல், போட்டிக்காரருக்கு முந்தி ரஷ்யாவுக்குக் கப்பல் அனுப்பியவர் அவர். செய்யவும் தெரியும், விற்கவும் தெரியும். அவருக்குப் பிந்தி வந்த காலத்தில்தான் இரண்டும் தனித்தனி ஆட்களின் வேலையாகிப் போனது.

1889 பரிஸ் கண்காட்சிக்கு ஒய்கேன் மெர்சியே கொண்டுபோன பீப்பாவைப் பாருங்கோ. இரண்டு லட்சம் போத்தல் கொள்ளும் பீப்பா அது. எப்பர்னேயிலிருந்து 24 எருதுகளும் குதிரைகளும் எட்டு நாள் இழுத்தன. வழியில் பாலங்களைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. பத்திரிகைகளுக்கு வேற என்ன வேணும்?

இதையெல்லாம் வேடிக்கையாக வாசித்துவிட்டுப் போகலாம், திராட்சை வளர்த்தவனைப் பற்றிக் கேட்காமல் இருந்தால். சனம் லேபிளில் உள்ள பெயரைத்தான் வாங்கியது. பெயர் இருந்தால் போதும் எண்டானபிறகு, உள்ளே எந்த ஊர்த் திராட்சை எண்டு ஆர் பார்க்கப்போகினம்? சில கம்பனிகள் லோவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மலிவான வைனை இறக்கி, ஷாம்பேன் எண்டு விற்றன. உள்ளூர் விவசாயி தன் பழத்தைக் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்கனவே பிலொக்சேரா பூச்சி கொடிகளைத் தின்றுகொண்டிருந்தது. 1910இல் மழையும் பூஞ்சணமும் சேர்ந்து அறுவடையே இல்லாமல் போனது.

1911 ஜனவரியில் விவசாயிகள் வெளியூர் வைன் வண்டிகளை மறித்து, பீப்பாக்களை மார்ன் ஆற்றில் தள்ளினார்கள். ஏப்ரலில், ஷாம்பேன் பிரதேசத்தின் எல்லைகளை நீக்கும் பக்கம் செனட் சாய்ந்த செய்தி வந்ததும் அயி ஊர் எரிந்தது. கம்பனிக் கட்டடங்கள் உடைந்தன, வைன் தெருவில் ஓடியது, இராணுவம் இறங்கியது. எரித்ததை நாங்கள் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இதை வெறும் கலகம் எண்டு எழுதுகிற புத்தகங்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

அவர்கள் கேட்டதும் பெயரைத்தான்: ஷாம்பேன் எண்ட சொல், ஷாம்பேன் மண்ணில் விளைந்ததுக்கு மட்டும். வியாபாரிகள் பெரிதாக்கிவிட்ட அதே சொல் கடைசியில் விவசாயியின் கையிலும் ஆயுதமாகியது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே விடப்பட்ட ஓப் மாவட்ட விவசாயிகளும் அதே 1911இல் தெருவுக்கு இறங்கினார்கள், தாங்களும் ஷாம்பேன்தான் எண்டு. 1927 சட்டம்தான் அவர்களையும் உள்ளே எடுத்தது.

பெரின்யோனின் பெயரோ மெர்சியே குடும்பத்திடம் பாவிக்காமல் கிடந்து, கலியாணச் சம்பந்தமொன்றால் மொயே கம்பனிக்குப் போனது. 1921ஆம் ஆண்டு அறுவடை வைன் 1936இல் அந்தத் துறவியின் பெயரோடு விற்பனைக்கு வந்தது. பெருமந்தக் காலத்தில், பணக்காரருக்கு.

இன்று ஷாம்பேன் கொடிநிலத்தில் கிட்டத்தட்ட 90 வீதம் விவசாயிகளுடையது. விற்பனையில் மூன்றில் இரண்டுக்கும் மேல் கம்பனிகளுடையது. லேபிளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டெழுத்துக் குறி இருக்கும். ஆர்.எம். எண்டால் திராட்சை வளர்த்தவரே செய்த வைன். என்.எம். எண்டால் பழம் வாங்கிச் செய்யும் கம்பனி. பெரிய பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.